தெருநாய்க்கு யார் பொறுப்பு? பெர்லின் நாயும் பெருமாள்புரத்து நாயும்

பொருநைக்கரை | பாளையங்கோட்டை, பெருமாள்புரம்

எல்லாருக்கும் வணக்கம். டீக்கடையில் ஆரம்பித்த பேச்சு அங்கே முடியவில்லை. அதனால் இங்கே கொண்டுவந்து போடுகிறேன்.

அமெரிக்காவில் லியோனா ஹெம்ஸ்லி என்று ஒரு ஹோட்டல் முதலாளியம்மா இருந்தார். 2007-ல் இறந்தபோது தன் மால்டீஸ் நாய்க்கு 1 கோடியே 20 லட்சம் டாலர் எழுதி வைத்துவிட்டுப் போனார். பேரப்பிள்ளைகளில் இரண்டு பேருக்குச் சல்லிக்காசு கிடையாது. நீதிபதி பார்த்து, நாய்க்கு 20 லட்சம் டாலர் போதும் என்று குறைத்தார். குறைத்த பிறகும் அந்த நாய் நம் பெருமாள்புரத்தில் ஒரு தெருவையே விலைக்கு வாங்கியிருக்கும்.

எங்கள் தெருவில் பரோட்டாக் கடைக்கு எதிரே, வாறுகால் பாலத்துக்கு அடியில் ஒரு செவலைப் பெட்டை குட்டி போட்டிருக்கிறது. சில குட்டிகள் வண்டியில் அடிபட்டுப் போய்விட்டன. மிச்சம் இருக்கிற இரண்டுக்கும் உடம்பெல்லாம் சொறி. கடை மூடும் நேரத்தில் சால்னா ஊறிய பரோட்டாத் துண்டு கிடைத்தால் அன்றைக்குத் தீபாவளி.

ஒரே சாதிப் பிராணிதானே? அங்கே பிறந்தால் ராஜபோகம், இங்கே பிறந்தால் கல்லடி. வெளிநாட்டில் இருக்கிற நம்மாட்கள் சொல்லுங்கள், அங்கே மட்டும் தெருவில் ஒரு நாய்கூட இல்லாமல் இருப்பது எப்படி?


பெர்லின்_நெல்லையான் | ஜெர்மனி, சொந்த ஊர் வள்ளியூர்

அண்ணாச்சி, ராஜபோகம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. மழைக்கோட்டு போட்ட நாயை நானே தினமும் பார்க்கிறேன். மெட்ரோ ரயிலில் நாய்க்கும் டிக்கெட் உண்டு. குளிர்காலத்தில் உப்பு தூவிய நடைபாதையில் பாதம் வெடிக்காமல் இருக்கக் காலுக்கு உறை மாட்டி விடுகிறார்கள்.

ஆனால் அந்தக் கொஞ்சலுக்குப் பின்னால் ஒரு கட்டுக் காகிதம் இருக்கிறது. பெர்லினில் நாய் வைத்திருந்தால் வருடத்துக்கு 120 யூரோ வரி. இரண்டாவது நாய் என்றால் அதற்கு 180. நாய் யாரையாவது கடித்தாலோ சைக்கிள்காரரைத் தள்ளிவிட்டாலோ நஷ்டஈடு கொடுக்க இன்சூரன்ஸ் கட்டாயம். தோலுக்குள் சிப். பதிவேட்டில் உரிமையாளர் பெயர். தெருவில் அசிங்கம் பண்ணினால் நீங்கள் குனிந்து பையில் அள்ள வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். பக்கத்து வீட்டு நாய் ஓயாமல் குரைத்தால் புகார் போகும்.

அன்பு எல்லா ஊரிலும் இருக்கிறது. இங்கே நாய் என்ன செய்தாலும் போய் நிற்க ஒரு கதவு இருக்கிறது, அந்தக் கதவில் ஒரு பெயர் இருக்கிறது. அதுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ராஜபோக நாய் ஒரு நாளில் பாதி நேரம் பூட்டிய வீட்டில் தனியாகக் கிடக்கிறது. ஸ்வீடனில் நாயை ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது வெளியே விட வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். சட்டம் போடுகிற அளவுக்கு அடைத்து வைக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? உங்கள் தெருச் செவலை யாரையும் கேட்காமல் ஜங்ஷன் வரைக்கும் போய்விட்டு வரும்.


சமாதானபுரத்தான் | பாளையங்கோட்டை

ஜங்ஷன் வரைக்கும் போய்விட்டு வருமாம். வழியில் யாரைக் கடிக்கும் என்று சொல்லவில்லையே.

என் தங்கை மகனுக்கு ஏழு வயது. டியூஷன் முடிந்து வருகிறவனை நாலைந்து நாய் சேர்ந்து விரட்டி, கெண்டைக்காலில் சதையைக் கவ்வி எடுத்துவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடிவாயைச் சுற்றியே மருந்து ஏற்றினார்கள், பையன் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்துவிட்டது. அதற்கப்புறம் தவணை தவணையாக ஊசி. காயம் ஆறிவிட்டது. இப்போதும் நாய் குரைத்தால் பையன் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான்.

தமிழ்நாட்டில் 2024-ம் வருடம் மட்டும் 4 லட்சத்து 80 ஆயிரம் பேரை நாய் கடித்திருக்கிறது. ரேபிஸில் 43 பேர் செத்திருக்கிறார்கள். பெர்லினில் நாய்க்கு மழைக்கோட்டு உண்டா என்பது என் கவலை இல்லை. ராத்திரி இரண்டாம் ஆட்டம் விட்டு பைக்கில் வருகிறவனுக்குத் தெருமுனையில் என்ன கதி என்று பேசுங்கள்.


கிடைக்காரன் | மானூர் பக்கம்

சமாதானபுரத்து அண்ணாச்சி சொல்வது சரி. டவுன்காரர்களுக்குக் கால் போகிறது, எங்களுக்கு ஆடு போகிறது. கிடை போட்ட இடத்தில் விடியற்காலம் நாய்க்கூட்டம் புகுந்தால் பசிக்குத் தின்கிறது என்று ஒன்றும் கிடையாது. ஒன்றைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். குட்டியும் சினை ஆடும்தான் முதலில் விழும். கங்கைகொண்டான் சரணாலயத்துப் புள்ளிமானுக்கும் இதே கதைதான். சிறுத்தைக்குப் பயந்து அங்கே மான் ஓடவில்லை.

அதற்காக நாயே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? எங்களிடம் கன்னி, சிப்பிப்பாறை என்று நாட்டு நாய் சாதிகள் இருக்கின்றன. கம்பங்கூழும் மோரும்தான் அவற்றுக்குச் சாப்பாடு. பிஸ்கட்டைப் போட்டால் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ராத்திரி நான் தூங்குவது அதுகளை நம்பித்தான். இதைத் தெருநாய் என்பீர்களா, பெர்லின்காரர் சொல்கிற வளர்ப்பு நாய் என்பீர்களா? எங்கள் அப்பா காலத்தில் ஊரில் இருந்த பாதி நாய்க்கு இப்படி ஒரு வேலை இருந்தது. களத்தில் காவல், கிடையில் காவல், விளையில் பன்றி விரட்டுவது. வேலை போனதும் நாய் தெருவுக்கு வந்துவிட்டது.

ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலை போட்டார்கள். தபால் தலையில் ஏறி என்ன செய்ய, ஊரில் எல்லாரும் வாங்குவது லாப்ரடார்.


கால்நடை_மாணவி | ராமையன்பட்டி

கோபம் நியாயமானது, ஆனால் சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆபத்துக்கு உதவும்.

கடி பட்டதும் செய்ய வேண்டிய முதல் காரியம் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கும் முந்தியது. சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு 15 நிமிஷம் காயத்தைக் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. அப்புறம் ஊசி. அரசு ஆஸ்பத்திரியில் தோலுக்குள் போடுகிற முறையில் முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள். சதை கிழிந்த காயம் என்றால் கடிவாயிலேயே எதிர்ப்புப் புரதத்தையும் ஏற்றுவார்கள், அந்தப் பையனுக்குப் போட்டது அதுதான். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயந்து இன்னமும் ஊசிக்கே போகாதவர்கள் இருக்கிறார்கள். அது ஆட்டு மூளையில் இருந்து தயாரித்த பழைய மருந்து, 2004 இறுதியோடு நின்றுவிட்டது. ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. அறிகுறிக்கு முன்னால் ஒழுங்காக ஊசி போட்டவருக்கு அநேகமாக ஆபத்து இல்லை.

அடுத்தது, பிடித்துக்கொண்டு போய் எங்கேயாவது விடலாமே என்கிற யோசனை. ஒரு தெருவில் இவ்வளவு நாய் என்று முடிவு பண்ணுவது அந்தத் தெருவின் எச்சில் இலையும் கறிக்கடைக் கழிவும்தான். இருக்கிற கூட்டத்தைத் தூக்கினால் சாப்பாடு அப்படியே இருக்கும், அடுத்த தெருக் கூட்டம் வந்து உட்காரும். வருகிறதுக்குத் தடுப்பூசியும் இருக்காது, கருத்தடையும் இருக்காது. பெட்டை நாய்க்குச் சினைக்காலம் சுமார் 63 நாள், வருடத்துக்கு இரண்டு ஈத்து. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அதனால்தான் கருத்தடை, தடுப்பூசி, அது முடிந்ததற்கு அடையாளமாகக் காதில் ஒரு வெட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது என்று 2001-ல் விதி வந்தது. 2023-ல் அதைப் புதுப்பித்தார்கள். ஓர் ஊரில் 70 சதவீத நாய்க்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் ரேபிஸ் பரவுவது அறுந்துவிடும். கோவா அதைச் செய்து, 2021-ல் ரேபிஸ் கட்டுப்பாட்டு மாநிலமாக அறிவிக்கப்பட்டது. கோவாவில் தெருநாய் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாய் இருக்கிறது, ரேபிஸ்தான் கட்டுக்குள் வந்துவிட்டது.


சமாதானபுரத்தான்

தங்கச்சி, விதி எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. காதில் வெட்டு உள்ள நாயை எங்கள் பகுதியில் நான் தேடித் தேடிப் பார்க்கிறேன். அப்புறம் சுப்ரீம் கோர்ட் எல்லாவற்றையும் பிடித்து அடைக்கச் சொல்லவில்லையா?


கால்நடை_மாணவி

மூன்று கட்டமாகப் பாருங்கள் அண்ணாச்சி. 2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லி வட்டாரத்து நாய்களை மொத்தமாகக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது இரண்டு நீதிபதி அமர்வு. ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதி அமர்வு அதை மாற்றி, ஊசியும் கருத்தடையும் செய்து பழைய இடத்திலேயே விடச் சொன்னது. வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக் கூடாது. கண்ட இடத்தில் சோறு போடக் கூடாது, அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் போட வேண்டும் என்றும் சொன்னது. நவம்பர் 7-ல் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கிற நாயைத் திரும்ப அங்கேயே விடாதே என்று சேர்த்தது.

காதில் வெட்டு இல்லாதது பற்றி: உண்மைதான். விதி இருக்கிறது, கை போதவில்லை.


டல்லாஸ்_நாங்குநேரி | அமெரிக்கா

ஹெம்ஸ்லி அம்மாள் கதையைப் படித்துச் சிரித்தேன். இங்கே செல்லப் பிராணிகளுக்காக 2023-ல் செலவழித்தது சுமார் 14,700 கோடி டாலர். பாதிக்கு மேல் நாய்கள் குண்டு. அதைக் குறைக்க டயட் சாப்பாடு தனி விலை.

பொருநைக்கரை அண்ணாச்சி கேட்டாரே, தெருவில் நாயே இல்லாமல் எப்படி என்று. அதற்கு இன்னொரு பதிலும் இருக்கிறது, அதை யாரும் வீடியோவில் போட மாட்டார்கள். நியூயார்க்கில் 1877 ஜூலையில் ஒரே நாளில் 700-க்கும் மேற்பட்ட தெருநாய்களை இரும்புக் கூண்டில் அடைத்து, கிரேனால் ஈஸ்ட் நதியில் இறக்கி மூழ்கடித்தார்கள். பழைய கதை என்று தள்ள வேண்டாம். 2019 மதிப்பீட்டின்படி அமெரிக்கக் காப்பகங்களில் ஒரு வருடத்தில் ஏறக்குறைய 3,90,000 நாய்களுக்கு ஊசி போட்டுக் கதையை முடித்திருக்கிறார்கள். நோய் முற்றியதும் அதில் இருக்கும், ஆனால் இடம் இல்லை, யாரும் தத்து எடுக்கவில்லை என்று போனவை நிறைய. குறைந்துகொண்டு வருகிறது என்பது மட்டும் ஆறுதல்.

தெரு காலியாக இருப்பதைப் பார்த்து நாய்கள் எல்லாம் சோபாவில் இருக்கின்றன என்று நினைத்துவிடாதீர்கள்.


பொருநைக்கரை

இது எனக்குத் தெரியாத சேதி. நம்மூரிலும் நாய் வண்டி வந்த காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கம்பிச் சுருக்குப் போட்டு இழுத்து வண்டியில் எறிவார்கள். எங்கள் ஆச்சி அந்த வண்டிச் சத்தம் கேட்டதும் தெரு நாயை எல்லாம் தொழுவத்துக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுவாள்.


கால்நடை_மாணவி

சென்னை மாநகராட்சி 1996-ல்தான் கொல்வதை நிறுத்திவிட்டுக் கருத்தடைக்கு வந்தது. நூறு வருடத்துக்கு மேல் கொன்று பார்த்தும் அங்கே நாய் குறையவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.


அம்பை_அத்தை | இப்போது பெருமாள்புரம்

ஆச்சிகளைப் பற்றிப் பேசுகிறீர்களே, நானும் ஒரு ஆச்சி என்கிற தகுதியில் சொல்கிறேன்.

அப்போது வீட்டில் கழுநீர் மாட்டுக்கு, மிஞ்சின சோறு நாய்க்கு. தெருவுக்கு இரண்டு நாய் இருக்கும், எல்லா வீட்டுச் சோறும் அதுகளுக்குத்தான். யார் வீட்டு நாய் என்று கேட்டால் பதில் கிடையாது, ஆனால் செவலையைக் காணோம் என்றால் தெருவே தேடும். இப்போது மிஞ்சின சோற்றைப் பிளாஸ்டிக் கவரில் முடிச்சுப் போட்டுத் தூக்கி எறிகிறோம். நாய் கவரோடு தின்கிறது. கேட்டுக்கு உள்ளே கேமரா வைத்தாயிற்று, குரைக்க நாய் எதற்கு?

என் பிறந்த வீடு பாபநாசம் பக்கம். மலையடிவாரத்தில் சிறுத்தை இறங்கினால் ஊருக்கு முதலில் தெரிவிப்பதும் நாய்தான், முதலில் காணாமல் போவதும் நாய்தான். 2024 மே மாதம் வேம்பையாபுரத்தில் கூண்டு வைத்துச் சிறுத்தையைப் பிடித்தார்களே, அந்த நாட்களில் ஊர்க்காரர்கள் தெருநாயை எல்லாம் வீட்டுத் திண்ணையில் கட்டிப் போட்டார்கள். அதுவரை கல்லெறிந்த ஆட்கள்தான்.

சமாதானபுரத்தான் தம்பி, உன் வீட்டுப் பிள்ளை கடிபட்டதைப் படித்து எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் ஒரு விஷயம் கேள். எங்கள் தெருவில் மூர்க்கமாக நிற்கிற கறுப்பு நாய் தெருவில் பிறந்ததே இல்லை. ஒரு வீட்டில் ஆசையாக வாங்கி வளர்த்தது. வாடகை வீடு மாறினார்கள், புது வீட்டுக்காரர் நாய் கூடாது என்றார், கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கழுத்தில் பட்டையோடு ஒரு வாரம் அந்தக் கேட் முன்னாலேயே படுத்துக் கிடந்தது. அதற்கப்புறம்தான் கடிக்க ஆரம்பித்தது.


சிங்கை_களக்காடு | சிங்கப்பூர்

அத்தை சொன்னதுதான் பெரிய விஷயம். வெளிநாட்டு மோகத்தில் நாயை மட்டும் இறக்குமதி செய்கிறோம், நாயோடு வருகிற கடமையைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வருகிறோம். எங்கள் உறவில் ஒரு பையன் சைபீரியன் ஹஸ்கி வாங்கியிருக்கிறான். பனியில் வண்டி இழுக்கிற சாதி. நெல்லையில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். நாய்க்காகவே ஹாலில் ஏசி ஓடுகிறது, கரண்ட் போனால் வீடே பதறுகிறது. பக் என்கிற சப்பை மூக்கு நாய் வாங்கியவர்கள் அதைவிடப் பாவம். மூஞ்சியைச் சப்பையாக்கிச் சப்பையாக்கி வளர்த்ததில் அதற்கு மூச்சே ஒழுங்காகப் போகாது. நெதர்லாந்தில் அப்படிச் சப்பை மூக்கு நாய்களை இனப்பெருக்கம் செய்யவே 2019 முதல் கடும் கட்டுப்பாடு. அங்கே வேண்டாம் என்பதை இங்கே தவணையில் வாங்குகிறோம்.

இங்கே அரசுக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு ஒரு நாய், அதுவும் பட்டியலில் உள்ள சின்ன வகை. லைசென்ஸ் கட்டணத்தைப் பாருங்கள். கருத்தடை செய்த நாய்க்கு வருடத்துக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), செய்யாததற்கு 90. யாரும் பிரசங்கம் பண்ணவில்லை, பர்ஸைப் பிடித்துத் திருகினார்கள். இதை நம் மாநகராட்சி நாளைக்கே செய்யலாம்.


சமாதானபுரத்தான்

வீட்டு நாய்க்கு லைசென்ஸ் போட்டால் சரி, ஒத்துக்கொள்கிறேன். தெரு நாய்க்கு யார் கட்டுவது? அத்தை சோறு போடுகிறீர்கள், நல்ல மனசு. நாய் கடித்தால் நீங்களா ஆஸ்பத்திரிக்கு வருவீர்கள்? சோறு போடுகிற கைக்கும் கடிக்கிற பல்லுக்கும் நடுவில் யாருமே இல்லை. என் சண்டை அவ்வளவுதான்.


அம்பை_அத்தை

வருவேன். கூப்பிட்டுப் பார்.


பொருநைக்கரை

சண்டை வேண்டாம். சமாதானபுரத்து அண்ணாச்சி கேட்டதுதான் இந்த இழையிலேயே சரியான கேள்வி என்று நினைக்கிறேன். பெர்லின் தம்பி சொன்ன அந்தப் பெயர் எழுதிய கதவு நம் தெருவில் இல்லை.

அதே நேரம், நம் நாய்க்குச் சுதந்திரம், அவர்கள் நாய்க்குச் சிறை என்று யாரும் கவிதை பாட வேண்டாம். தெருவில் பிறக்கிற குட்டிகளில் பெரும்பாலானவை ஒரு வயதைத் தாண்டுவதில்லை. பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்து ரத்தமாகக் கழிந்து சாகிறது, இல்லாவிட்டால் டயரில் போகிறது. பெர்லின் நாய்க்குத் தனிமை கஷ்டம்தான், ஆனால் அது அடுத்த வருடமும் இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர் ஒருவர் வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்கு வந்து ரேபிஸ் ஊசி போட்டுத் தர ஒத்துக்கொண்டிருக்கிறார். மருந்துச் செலவைத் தெருவில் பிரித்துக்கொள்ளலாம். கருத்தடைக்கு மாநகராட்சியில் எழுதிக் கொடுப்போம். ஊசியையாவது இப்போதே முடிப்போம்.


கால்நடை_மாணவி

நானும் இரண்டு தோழிகளும் வருகிறோம். நாயைச் சுருக்குப் போட்டோ சாக்கு போட்டோ பிடிக்க வேண்டாம், வழக்கமாகச் சோறு போடுகிறவர் தடவிக்கொடுத்துக்கொண்டு நின்றால் போதும், ஊசி தோலடியில் நொடியில் போய்விடும். எங்களுக்கு முன்கூட்டியே ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறது. போடாதவர்கள் நாய் வாய்ப்பக்கம் கை கொண்டுபோக வேண்டாம். மூன்று மாதக் குட்டியில் இருந்து போடலாம். ஊசி போட்டதற்குப் பெயின்ட் அடையாளம் வைப்போம், இல்லாவிட்டால் ஒரே நாய்க்கு இரண்டு தடவை போட்டுவிடுவோம்.


கிடைக்காரன்

என் நாய்களையும் கொண்டுவரலாமா? மானூரில் இருந்து லோடு ஆட்டோவில் ஏற்றி வந்துவிடுவேன்.


கால்நடை_மாணவி

கொண்டுவாருங்கள் அண்ணே. வாயைக் கட்டிக் கூட்டிவாருங்கள், தெரு நாய்களோடு சண்டை வந்தால் எங்களால் விலக்க முடியாது.


சமாதானபுரத்தான்

நானும் வருகிறேன். நாயைத் தொட மாட்டேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோட்டு ஒன்று போட்டுக்கொண்டு உட்காருவேன். நாய் நிறம், ஆணா பெட்டையா, ஊசி போட்ட தேதி, அடுத்த வருடம் எப்போது, கடைசிக் கட்டத்தில் பொறுப்பாளர் பெயரும் போன் நம்பரும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் ஊசி போட விட மாட்டேன்.


கால்நடை_மாணவி

அண்ணாச்சி, காலியாக இருந்தாலும் ஊசி போட்டாக வேண்டும். அந்த நாய்தான் ஆபத்து. கட்டத்தை அப்புறம் நிரப்பலாம்.


சமாதானபுரத்தான்

சரி. போட்டுவிட்டு நிரப்புவோம்.


அம்பை_அத்தை

செவலைக்கும் அதன் இரண்டு குட்டிக்கும் என் பெயரை எழுது. கறுப்பு நாயை என்னால் பிடிக்க முடியாது, கைக்கு வராது. ஆனால் தினம் ராத்திரி பரோட்டாக் கடைக்காரர் காலடியில்தான் படுத்திருக்கும். அவரிடம் நான் பேசிவிட்டேன். அவர் பெயரை எழுதிக்கொள், போன் நம்பர் கடை போர்டிலேயே இருக்கிறது.